முப்பத்தாறா, நாற்பத்தொன்றா

ஒல்லியாக இருப்பவனுக்கு ஆறுதல் சொல்ல நிறையப் பேர் உண்டு. ஒல்லிதான் உடம்புக்கு நல்லது என்பார்கள், எந்தச் சட்டை போட்டாலும் எடுப்பாக இருக்கும் என்பார்கள். மணிக்கட்டு மட்டும் ஒல்லியாக இருப்பவனுக்கு ஆறுதல் சொல்ல நாதி இல்லை. எனக்கு மற்ற இடமெல்லாம் சுமாராகத் தேறியிருக்கிறது. வயிறு நன்றாகவே முன்னுக்கு வந்திருக்கிறது. ஆனால் அந்த வளர்ச்சி முழங்கையோடு நின்றுபோய்விட்டது. அதற்குக் கீழே நான் இன்னும் எட்டாம் வகுப்புப் பையன்தான்.

ஸ்கேன் சென்டர் ஒன்றில் எம்.ஆர்.ஐ. எடுப்பது என் வேலை. அந்த மெஷின் என்பது ஒரு பெரிய காந்தம். இரும்பு என்று எது உள்ளே போனாலும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அதனால் அறை வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் "மெட்டல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாக வேண்டும். கேட்டுக் கேட்டு என் பெயரே 'மெட்டல் சார்' ஆகிவிட்டது. என் மனைவி ஒருமுறை அவசரத்துக்கு சென்டருக்கு ஃபோன் செய்து என் சொந்தப் பெயரைச் சொன்னதற்கு, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று வைத்துவிட்டார்கள்.

மோதிரம், சங்கிலி, பெல்ட், ஹேர்பின், சட்டைப்பையில் மறந்துபோன சாவி, எல்லாவற்றையும் கழற்றி என் பிளாஸ்டிக் தட்டில் போடுவார்கள். நான் அதை லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியை அவர்களுடன் வந்தவர் கையில் கொடுப்பேன். கடைசியாகக் கழற்றுவது கைக்கடிகாரத்தைத்தான். சிலருக்கு மனசே வராது. "இது காஸ்ட்லி வாட்ச், பாத்து வைங்க" என்பார்கள். எத்தனையோ நல்ல நல்ல கடிகாரங்கள், உடம்புச் சூடு ஆறாமல், என் உள்ளங்கையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கின்றன.

கடிகாரத்தைக் கழற்றிய கையைக் கவனித்திருக்கிறீர்களா? வெயில் படாமல் வெளுத்துப்போன ஒரு பட்டை தெரியும். அதட்டிக்கொண்டே உள்ளே வந்த மனிதர், அந்த வெள்ளைப் பட்டை தெரிந்ததும், ஆஸ்பத்திரி அங்கியில் முதுகு நாடாவை முடிச்சுப் போடத் தெரியாமல், "தம்பி, உள்ள மூச்சு முட்டுமா?" என்று கேட்பார். வருஷக்கணக்கில் இதைப் பார்த்தவன் ஏதாவது உருப்படியாகக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், அவருடைய தோரணை முழுவதும் இப்போது என் லாக்கரில் இருக்கிறது, நமக்கும் அப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்பதுதான்.

இந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தங்கைக்குத் தெரிந்திருக்கிறது. கடல் தாண்டி ஒரு முதியோர் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். இந்த முறை விடுமுறைக்கு வந்தவள், காலைச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, உனக்கு ஒரு நல்ல வாட்ச் வாங்கித் தரப்போறேன். ரொம்ப நாளா நினைச்சுட்டிருக்கேன். வேண்டாம்னு சொல்லக் கூடாது."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை. "எப்பப் போலாம்?" என்று கேட்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தால் கதை நகராது.

கடையில் கம்பளம் போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நான் தயங்கியதைக் காவலாளி பார்த்துவிட்டார். உள்ளே வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, "கையக் கொடுங்க சார்" என்று ஒரு காகித நாடாவை என் மணிக்கட்டில் சுற்றினாள். அளவைப் பார்த்தாள். "ஓ" என்றாள்.

வாழ்க்கையில் நான் கேட்ட விமர்சனங்களிலேயே சுருக்கமானது அதுதான்.

பிறகு வெல்வெட் தட்டில் இரண்டு கடிகாரங்களைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் ஒரே அச்சு. அதே கருநீல முகம், அதே வெள்ளி முட்கள், அதே உலோகப் பட்டை. ஒன்று முப்பத்தாறு மில்லிமீட்டர் அகலம், இன்னொன்று நாற்பத்தொன்று.

"அஞ்சு மில்லிமீட்டர்தான் சார் வித்தியாசம்" என்றாள்.

ஐந்து மில்லிமீட்டர் என்பது ஓர் எறும்பின் நீளம். அந்த எறும்பு அன்றைக்கு என் காதுக்குள் புகுந்தது.

முதலில் சின்னதைக் கட்டிப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அதன் குறை. பிறகு பெரியதைக் கட்டினேன். இரண்டு பக்கமும் கையைத் தாண்டி நின்றது. மேலிருந்து பார்த்தால் கை எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. ஆனால் அதைக் கட்டியதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. "தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன். குரல்கூடக் கொஞ்சம் கனத்திருந்தது. விலைச்சீட்டு கண்ணில் படாதபடி தங்கை அதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

கையுறைப் பெண் ஓர் ஆள் உயரக் கண்ணாடியைக் காட்டினாள். "கைய மட்டும் பாக்காதீங்க சார். தள்ளி நின்னு முழு ஆளையும் பாருங்க. அப்பத்தான் சைஸ் தெரியும்."

முழு ஆளைப் பார்க்கிற துணிச்சல் அன்றைக்கு எனக்கு இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன்.

"இன்னைக்கே ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோயேண்ணா" என்றாள் தங்கை.

"அவசரப்பட்டு எடுக்கற விஷயமா இது?" என்றேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு அன்றைக்கே சரி சொன்னவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு செருப்புப் பெட்டியின் மூடியை எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டு வட்டங்கள் வெட்டினேன். ஒன்று முப்பத்தாறு, ஒன்று நாற்பத்தொன்று. முள்ளும் வரைந்தேன். வெறும் வட்டத்தைக் கையில் ஒட்டிக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

என் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் முகத்துக்குப் பொருத்தமான பிரேம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. என்னைப் போன்றவர்களை அவள் தினமும் பார்க்கிறாள்.

"நேத்து ஒருத்தர் வந்தாருங்க," என்றாள், நான் நாற்பத்தொன்றை டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது. "முகம் இத்தனூண்டு. ஜன்னல் மாதிரி ஒரு பிரேம எடுத்து மாட்டிக்கிட்டு, 'கம்பீரமா இருக்குல்ல?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஜன்னல்ல யாரோ எட்டிப் பாக்கற மாதிரி இருக்குன்னு சொல்லவா முடியும்? இதையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கன்னு சின்னது ஒண்ண எடுத்துக் கொடுத்தேன்."

"எதை வாங்கினார்?"

"ஜன்னலத்தான்."

எனக்கு அந்த முகம் தெரியாத மனிதர்மேல் ஒரு பாசம் வந்தது.

காலையில் நாற்பத்தொன்று, சாயங்காலம் முப்பத்தாறு என்று மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் உலவினேன். பல் தேய்க்கும்போது எது நன்றாக இருக்கிறது, பேப்பர் படிக்கும்போது எது என்று சோதித்தேன். இதில் ஒரு நாள் அட்டையைக் கழற்ற மறந்து வேலைக்குப் போய்விட்டேன்.

அன்றைக்குத் தோள்வலியோடு ஓர் அம்மாள் வந்திருந்தார். வளையல், கம்மல் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்தவர், என் கையையே பார்த்தார்.

"எங்களை எல்லாத்தையும் கழட்டச் சொல்றீங்க. நீங்க மட்டும் வாட்ச் கட்டியிருக்கீங்க?"

"இது வாட்ச் இல்லைங்கம்மா. அட்டை."

"என்னது?"

"அட்டைங்க. நான்தான் வெட்டி ஒட்டியிருக்கேன்." நம்பிக்கை வரட்டும் என்று கையை நீட்டிக் காட்டினேன்.

அவர் கிட்டத்தில் வந்து பார்த்தார். பேனாவால் வரைந்த முள்ளைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "வேற யாராவது இருந்தா கூப்பிடுங்க" என்றார்.

படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மாவையே வரவழைக்க வேண்டியதாயிற்று. அவர் வந்தார், அட்டையைப் பார்த்தார். "அவர் நல்லாத்தாம்மா இருக்கார், இருபது வருஷமா எங்ககிட்டதான் வேலை பாக்கறார்" என்று உறுதி கொடுத்தார். இதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

அட்டை வேலைக்கு ஆகவில்லை என்றதும் ஆலோசனை கேட்க ஆரம்பித்தேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வந்தவரிடம் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். மனைவியின் தம்பி, சிமெண்ட் வியாபாரம் செய்கிறவன், ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவன் கையில் ஊறுகாய் ஜாடி மூடி அளவுக்கு ஒரு கடிகாரம் இருக்கும். அதற்குத் தகுந்த கையும் இருக்கிறது.

"இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு?" என்றான். "முப்பத்தாறெல்லாம் லேடீஸ் சைஸ். ஆம்பளைன்னா கட்டினது தெரிய வேண்டாமா? கண்ண மூடிக்கிட்டுப் பெரிசை எடுங்க."

"கண்ணைத் திறந்தா சின்னதுதான் நல்லாருக்கு" என்றாள் அவன் அக்கா உள்ளிருந்து.

தங்கையிடம் கேட்டதற்குக் கணக்கே இல்லை. சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, அவள் ஃபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட என் கையை அவள் மூக்குக்கு நேராக நீட்டுவேன். அவளும் சலிக்காமல் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "சின்னதுண்ணா" என்பாள். அடுத்த வேளை மறுபடி கேட்பேன். கடைக்கும் அவளை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். காவலாளி கதவைத் திறக்கும்போதே "வாங்க சார், இன்னும் முடிவாகலியா?" என்று விசாரிக்கிற அளவுக்குப் பழகிவிட்டோம்.

அவள் விடுமுறை இப்படியே கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். தங்கை தன் கடிகாரத்தை வலது கையில் கட்டியிருந்தாள். முன்பெல்லாம் இடது கையில்தான் கட்டுவாள்.

கண்டுபிடித்தேன் என்றேன் அல்லவா? அதிலிருந்து நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அங்கேயெல்லாம் இப்போது இதுதான் ஃபேஷன் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். அன்று காலையே நாற்பத்தொன்று அட்டையை வலது கைக்கு மாற்றி ஒட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"இது என்ன புதுசா?" என்றாள் மனைவி.

"இப்ப இப்படித்தான் கட்டறாங்க. தங்கச்சியைப் பாரு."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"அவ ஏன் வலது கைல கட்டறான்னு கேட்டீங்களா?"

"ஏன்? ஸ்டைலுக்குத்தான்."

"அவ ஜாடி மூடிய எப்படித் திறக்கறா, பாத்தீங்களா? இடுப்போட அணைச்சுக்கிட்டு ஒரு கையால திறக்கறா. துணி பிழியற நேரத்துக்குக் கரெக்டா எங்கயாவது போயிடறா. வந்த அன்னைக்குப் பெட்டிய டாக்ஸிக்காரர்தான் மாடிக்குத் தூக்கிட்டு வந்தாரு, இவ தொடவே இல்ல. நானும் அவளா சொல்லட்டும்னு பாத்துட்டிருக்கேன்." மனைவி என் அட்டையைச் சுட்டிக் காட்டினாள். "நாள் முழுக்க கை எலும்பையும் கால் எலும்பையும் படம் பிடிக்கற ஆளு நீங்க. வீட்ல இருக்கற கை கண்ணுக்குத் தெரியலியா?"

அட்டையைப் பிய்த்தேன். டேப்போடு சேர்ந்து கொஞ்சம் முடியும் வந்தது.

தங்கை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகக் கவனித்ததில் தெரிந்தது. ஒவ்வொரு துணியையும் வலது கையாலேயே உதறினாள். கிளிப்பைக்கூட அந்தக் கையாலேயே மாட்டினாள். இடது கை சும்மா கூடவே போய்வந்துகொண்டிருந்தது.

"இடது கையக் காமி" என்றேன்.

"எதுக்குண்ணா? ஒண்ணுமில்ல."

"காமி."

நீட்டினாள். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் லேசான வீக்கம். அந்த இடத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்தினேன். "ஆ" என்று வெடுக்கென இழுத்துக்கொண்டாள். சின்ன வயதில் தடுப்பூசி போட்டபோது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாளோ, அப்படியே இருந்தது முகம்.

"எப்பத்திலேர்ந்து?"

"ஒரு வருஷம் இருக்கும்." துணியைக் கொடியில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எங்க வார்டுல ஒரு தாத்தா. நல்ல கனம். கட்டில்லேர்ந்து சரிஞ்சுட்டாரு. நான் இந்தக் கையால தாங்கிட்டேன். உள்ள டொக்னு ஒரு சத்தம். அவருக்கு ஒண்ணும் ஆகல."

"அங்க யார்கிட்டயும் காட்டலியா? ஆஸ்பத்திரிலதானே இருக்க?"

"காட்டினா கனம் தூக்கக் கூடாதுன்னு வேற பிரிவுக்கு மாத்திடுவாங்க. எனக்கு அந்த வார்டுதான் பிடிச்சிருக்கு. அந்தக் கிழங்களெல்லாம் என் பேரச் சொல்லித்தான் கூப்பிடுது, தப்புத்தப்பா." சிரித்தாள். "இங்க சொன்னா, தூர தேசத்துல தனியா கஷ்டப்படறேன்னு நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுப்பீங்க. அதான்."

நான் கொடியில் தொங்கிய ஒரு துண்டை நேராக இழுத்துவிட்டேன். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. இத்தனை நாளாக ஒரு மணிக்கட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவளும் வலிக்காத கையால் அதைப் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

"நாளைக்குக் காலைல என்கூட சென்டருக்கு வர்ற" என்றேன்.

"முடிவெடுக்க ஒரு நாள்கூட எடுத்துக்கலியே, பரவால்லயே" என்றாள்.

மறுநாள் அறை வாசலில் நின்று, "மெட்டல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் சின்னக் கடிகாரத்தைக் கழற்றி என் தட்டில் வைத்தாள். மணிக்கட்டைப் படம் எடுக்க வேண்டுமானால் குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொள்ள வேண்டும். ஆசாமிகள் படாத பாடு படுவார்கள். மெஷின் தடதடவென்று போடுகிற சத்தத்தில் ஊரே எழுந்துவிடும். இவள் அதற்குள் தூங்கிவிட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தத் தூக்கத்தைப் பார்த்தேன். எத்தனை நாள் ஒழுங்காகத் தூங்கவில்லையோ.

படங்கள் வந்தன. நான் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். அனுபவசாலி இல்லையா? "ஒண்ணுமில்ல, சுளுக்குத்தான்" என்று அவளிடம் தைரியமாகச் சொல்லியும்விட்டேன்.

டாக்டரம்மா வந்து அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "யார் சொன்னது சுளுக்குன்னு?" என்றார். திரையில் ஓரிடத்தைப் பேனாவால் காட்டினார். "சுண்டுவிரல் பக்கம் எலும்புக்கு நடுவுல ஒரு சின்ன மெத்தை மாதிரி இருக்கும். அது ஓரத்துல கிழிஞ்சிருக்கு, பாருங்க. சில மில்லிமீட்டர்தான். ஆனா இப்படியே கனம் தூக்கிட்டிருந்தா பெரிசாயிடும்."

மில்லிமீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நான் தரையைப் பார்த்தேன்.

ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், கையை அசைக்காமல் பட்டை போட்டு வைக்கலாம், அப்புறம் பயிற்சி கொடுக்கலாம் என்று எலும்பு டாக்டர் சொன்னார். விடுமுறையை நீட்டித்துக்கொள்ள அவளுடைய மருத்துவமனையிலும் ஒப்புக்கொண்டார்கள். தங்கை முழங்கை வரை ஒரு கறுப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு சோபாவில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். துணி பிழிகிற வேலை எனக்கு வந்தது. என் மணிக்கட்டு முதல் முறையாக ஒரு பயனுள்ள காரியம் செய்தது.

இதோடு நான் திருந்திவிட்டேன், கடிகாரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அந்த ஒரு வாரமும் எதிரே வருகிறவர்களின் கைகளைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசினேன். அப்புறம் ஒரு நாள் துணி பிழிந்துகொண்டே, ரொம்பப் பெருந்தன்மையாக, "வாட்செல்லாம் வேண்டாம்மா, உன் கை சரியானா போதும்" என்றேன்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாமா? அப்ப நான் அந்தக் கடைல அவ்வளவு நேரம் எதுக்கு உக்காந்திருந்தேன்? அண்ணி, கிளம்புங்க."

மூன்று பேரும் போனோம். காவலாளி தங்கையின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முடிவு சொல்லாத அண்ணனோடு கைகலப்பு ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

இந்த முறை நான் நல்லபடியாகவே நடந்துகொண்டேன். சின்னதைக் கட்டிக்கொண்டு ஆள் உயரக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். தள்ளி நின்று முழு ஆளையும் பார்த்தேன். வயிறும், வழுக்கையும், அடக்கமான ஒரு கடிகாரமுமாக ஒரு நல்ல மனிதர் தெரிந்தார். கையுறைப் பெண் "பர்ஃபெக்ட் சார்" என்றாள். மனைவி "இதுக்கா இத்தனை அமர்க்களம்" என்றாள். தங்கை பையைத் திறந்தாள்.

"அந்தப் பெரிசை மட்டும் கடைசியா ஒரே ஒரு தடவை" என்றேன்.

மனைவி கூரையைப் பார்த்தாள். கையுறைப் பெண், பாவம், முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். கட்டினேன். திரும்பினேன். என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "இதையே பில் போடுங்க" என்றாள்.

"என்னம்மா நீ!" என்றாள் மனைவி. "நீதானே சின்னது சின்னதுன்னு சொல்லிட்டிருந்த?"

"பொருத்தம் அதுதான் அண்ணி. ஆனா இதக் கட்டினதும் இவன் மூஞ்சி எப்படி ஆகுது, பாருங்களேன். பூனை ஏதோ திருடித் தின்னுட்டு வந்த மாதிரி. எனக்கு அந்த மூஞ்சிதான் வேணும். அங்க போனப்புறம் அதத்தானே நினைச்சுக்கப்போறேன்."

மனைவி என் முகத்தை ஒரு தடவை தீர்க்கமாகப் பார்த்தாள். எத்தனை ஜன்னல் பிரேம்களை விற்றிருப்பாள்! "சரி, ஒழியட்டும்" என்றாள்.

வாட்ச் பட்டை என் கைக்குப் பெரிதாக இருந்ததால் கண்ணிகளைக் கழற்றினார்கள். கழற்றினார்கள், கழற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுத்த உதிரிக் கண்ணிகளைக் கோத்தால் குழந்தைக்கு ஒரு காப்பு செய்யலாம்.

அன்றிலிருந்து நான் அதைக் கட்டுகிறேன் என்று சொல்வதைவிட, அது என்னை வெளியே அழைத்துக்கொண்டு போகிறது என்று சொல்லலாம். முழுக்கைச் சட்டையின் பொத்தான் அதன்மேல் மூடாது. கதவு நிலையில் இடிக்கும். சென்டரில் காந்தத்துக்குப் பக்கத்தில் கட்டக் கூடாது என்பதால், காலையில் போனதும் கழற்றி லாக்கரில் வைத்துச் சாயங்காலம்தான் எடுக்கிறேன். ஆக, பெரிய வாட்ச் கட்டிய மெட்டல் சாரை அங்கே யாருமே பார்த்ததில்லை. மைத்துனன் வந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"கொஞ்சம் பெரிசோ மாமா?" என்றான்.

அவனை நான் அதற்கப்புறம் எதற்கும் யோசனை கேட்பதில்லை.

இன்னொன்றும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்தக் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. கை அசைய அசையத்தான் ஓடும். எனக்கோ மெஷின் பொத்தானைத் தட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற உத்தியோகம். அதிலும் பகலெல்லாம் அது லாக்கரில். அடிக்கடி நின்றுவிடுகிறது. அதனால் சாயங்காலம் தெருவில் நடக்கும்போது கையை நன்றாக வீசி வீசி நடக்கிறேன். உடம்பைக் குறைக்கிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு இரண்டு கிலோ குறைந்துவிட்டது. எனக்கு மணி சரியாக ஓடுகிறது.

தங்கையின் கைப்பட்டையைக் கழற்றியதும் எலும்பு டாக்டர் மணிக்கட்டுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அவள் ஊருக்குப் போய்விட்டாள். அதே வார்டுதான், ஆனால் தூக்குகிற வேலை வேண்டாம், மருந்து கொடுப்பதோடு நிறுத்திக்கொள் என்று சொல்லியிருக்கிறார்களாம். வலி குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. வார்டு ஓய்வறையிலிருந்து வீடியோவில் கூப்பிடுவாள். பேசிக்கொண்டே இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை மெல்ல மெல்லச் சுழற்றுவாள். பயிற்சி. நானும் இந்தப் பக்கம் கையைத் தூக்கிச் சுழற்றுவேன். வாட்ச் ஓட வேண்டுமே.

போன வாரம் இப்படி இரண்டு பேரும் சுழற்றிக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா தெரிந்தார். நல்ல கனமான ஆள். திரையில் என்னைப் பார்த்தார். நான் தனக்குத்தான் கையாட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ரொம்ப சந்தோஷமாகக் கையை உயர்த்தி ஆட்டினார். தங்கை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் விடாமல் ஆட்டினேன்.